ஒரு பி.காம். எழுத்தாளனின் பற்று - வரவு

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் மாமா கேட்டார்: "தம்பிக்குப் பொழுதுபோக்கு என்ன?"

"பத்திரிகைக்கு எழுதுவேன்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து.

"அது சரி... சாப்பாட்டுக்கு என்ன பண்ணுதீங்க?"

"தென்காசியில ஒரு இரும்புக் கடையில கணக்கு எழுதுறேன்."

அதன் பிறகுதான் சார் உள்ளேயிருந்து காபி வந்தது!

அந்தப் பெண்தான் இன்றைக்கு என் முதல் வாசகி. எதை எழுதிக் காட்டினாலும் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்துவிட்டு, "இதுல எந்த இடத்துல சிரிக்கணும்?" என்று கேட்கும் நல்ல மனசு.

எனக்கு ஊர் ஆய்க்குடி. தென்காசியிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். சீசனில் குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பாலசுப்பிரமணியசாமி கோயில் படிப் பாயசம் தெரியுமா? அனுமன் நதிப் படித்துறையில் பாயசத்தை ஊற்ற, குழந்தைகள் உட்கார்ந்து படியிலிருந்தே வழித்துச் சாப்பிடும். நானும் சாப்பிட்டவன்தான். பாயசம் கொடுத்த புத்தியோ என்னவோ, காலேஜ் இரண்டாம் வருஷத்தில் எழுத ஆரம்பித்தேன்.

அப்போதெல்லாம் கதையோடு, சுயவிலாசம் எழுதிய கவரில் 5 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி வைத்து அனுப்புவேன். பத்து நாளில் அந்தக் கவர் வீட்டுக்கு வந்துவிடும். என் கையெழுத்தைப் பார்த்து நானே பயந்த காலம் அது. தபால்காரர் தெருமுனையிலேயே குரல் கொடுப்பார்: "தம்பீ... உன் கதை பத்திரமா வந்து சேர்ந்துட்டு!"

தெரு மொத்தத்துக்கும் தெரிந்துவிடும்.

இப்போது இமெயில். அனுப்பியது திரும்பி வருவதில்லை. பதிலும் வருவதில்லை. திரும்பி வந்ததே மரியாதை என்று தோன்றுகிறது.

முதலில் பிரசுரமானது நாலு வரி ஜோக். சன்மானம் 100 ரூபாய். நண்பர்கள் விடுவார்களா? செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டாக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பில் 460. நான் படித்த பி.காம். கணக்குப்படி நிகர நஷ்டம் 360. எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றில் போட்டு வைப்போம். என் எழுத்து வாழ்க்கை மொத்தமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கற்பனைக்கு நேரம் காலம் தெரியாது என்பது உண்மைதான். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் 20-ஆம் தேதிக்குள் போட வேண்டுமென்றால், பிரமாதமான கதைக்கரு 19-ஆம் தேதி ராத்திரிதான் வரும். ஒரு தடவை இன்வாய்ஸ் பின்னால் கதை எழுதி, அதுவும் ஃபைலில் சேர்ந்து ஆடிட்டர் கைக்குப் போய்விட்டது. "வில்லன் செத்துட்டானா, இல்லையா?" என்று போன் வந்தது. இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே விமரிசனக் கடிதம் அதுதான்!

'வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதினா என்ன?' என்று எனக்கும் ஒரு கிறுக்கு பிடித்தது. அப்போது எனக்குப் புத்தி சொன்னவர் ஒரு வெள்ளைக்காரர். ஆண்டனி டிராலப்.

இவர் 1834-இல் லண்டன் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1867 வரைக்கும் 33 வருஷம் தபால் உத்தியோகம். அதற்கு நடுவே நாவல்களாக எழுதிக் குவித்தார். மொத்தம் 47! எப்படி? காலை ஐந்தரைக்கு மேஜை முன்னால் உட்கார்ந்துவிடுவார். எழுப்பிவிடவே ஒரு பழைய வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுண்ட் கூடுதல் சம்பளம். எதிரே கடிகாரம். கால் மணிக்கு 250 வார்த்தை. அதை முடித்துவிட்டுத்தான் ஆபீஸ்.

இன்னொரு விஷயம். ஜெர்சித் தீவில் 1852-இல் தெருவோரத் தபால் பெட்டிகள் வைத்தார்களே, அந்த யோசனையைச் சொன்னதும் இதே டிராலப்தான். எத்தனை எழுத்தாளர்களின் கதைகள் தெருப் பெட்டியில் விழுந்திருக்கும்! அதை வைக்கச் சொன்னவரே ஒரு பார்ட் டைம் எழுத்தாளர்!

அவ்வளவு தூரம் போவானேன்? கவிஞர் கலாப்ரியா எங்கள் பக்கத்து இடைகாலில் பேங்க் உத்தியோகம் பார்த்துக்கொண்டேதான் கவிதை எழுதினார். வண்ணதாசனும் பேங்க்தான். 2016-இல் சாகித்ய அகாதமி வாங்கினார். 'ஆபீஸ் இருக்கே, எழுத முடியலியே' என்று புலம்பும் ஆசாமிகள் (நானும்தான்) இவர்களை நினைத்துக் கொள்வது நல்லது. நான் வேலையை விடவில்லை. காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்தேன்.

ஆனால் டிராலப் ஒரு காரியம் செய்தார். சுயசரிதையில், எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு பணம் வந்தது என்று வரிசையாகக் கணக்கு எழுதி, மொத்தம் 68,939 பவுண்ட் சொச்சம் என்று கூட்டியும் போட்டுவிட்டார். அவர் இறந்த மறு வருஷம், 1883-இல் புத்தகம் வந்தது. 'சேச்சே, இவர் கலைஞரா, கடைக்காரரா?' என்று பலர் முகம் சுளித்தார்கள். கணக்கு நோட்டைப் பார்த்து ஆளை எடை போட்டுவிட்டார்கள்.

அதே தப்பை நானும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

என் பெரியப்பாவிடம் ஒரு நோட்டு உண்டு. 'தம்பி வீட்டுக்குத் தேங்காய் 6', 'தம்பி மகனுக்குச் சைக்கிள் டியூப்', 'தம்பி வீட்டுக்குப் பலாப்பழம் 1' என்று எங்களுக்குக் கொடுத்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வைப்பார். ஒரு நாள் திண்ணையில் விரித்தபடி கிடந்ததைப் பார்த்துவிட்டேன். விடுவேனா? 'தேங்காய்க்குக் கணக்கு எழுதும் பெரியப்பா' என்று நகைச்சுவைக் கட்டுரை தயார்!

பிரசுரமும் ஆகிவிட்டது. சன்மானம் 500. எங்கோ இருக்கும் ஓவியர், பெரியப்பாவைப் பார்க்காமலேயே அவருடைய பெரிய மீசையை அச்சு அசலாகப் போட்டுவிட்டார். எங்கள் டீக்கடையில் கேட்க வேண்டுமா? "அண்ணாச்சி, இந்த டீயை நோட்டுல ஏத்தியாச்சா?"

பெரியப்பா டீக்கடைக்கு வருவதை நிறுத்தினார். பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதையும். என் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தார், மொய் எழுதினார், பந்தியில் உட்காராமல் போய்விட்டார். கை நனைக்காமல் போவது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்: "உனக்கு ஐநூறு ரூவா வந்துட்டு. எனக்கு அண்ணன் போயிட்டாம்லே."

அதற்கப்புறம் எட்டு மாசம் நான் ஒரு வரி எழுதவில்லை. அலாரம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு ஆனி மாசச் சாரலில் நனைந்துகொண்டே போய்ப் பெரியப்பா முன்னால் நின்றேன். கொஞ்ச நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே போய் அந்த நோட்டைக் கொண்டுவந்து போட்டார்.

"பி.காம். தானல? முதல் பக்கத்துல இருந்து படி."

நான் அன்றைக்குப் பார்த்தது நடுப்பக்கம். முதல் பக்கத்தில் 'வரவு' என்று போட்டு ஒரே ஒரு வரி இருந்தது. '1987. என் ஆபரேசனுக்காகத் தம்பி அவன் பங்கு வயலை விற்றுத் தந்தது.'

அதற்கப்புறம் முழுக்க முழுக்கப் 'பற்று'. தேங்காய், டியூப், பலாப்பழம், என் காலேஜ் பீஸில் இரண்டு தவணை.

நாங்கள் அவருக்குத் தர வேண்டிய கணக்கு இல்லை சார் அது. அவர் எங்களுக்கு அடைத்துக்கொண்டிருந்த கடன்.

"பணமா நீட்டினா உங்கப்பன் வாங்க மாட்டான். அதான் தேங்காயாக் கொடுக்கேன்" என்றார். "எழுதினதுக்குக் கோவம் இல்லல. எழுதுததுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

மூணு வருஷம் காமர்ஸ் படித்தவன், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்கை முடித்திருக்கிறேன்!

"கடன் எப்ப பெரியப்பா அடையும்?" என்று கேட்டேன்.

"எங்க அடைய? வயல் விலை ஏறுத ஏத்தத்துக்குத் தேங்காய் ஏறுதா?" என்றார். மீசைக்குள் லேசாகச் சிரிப்பு. எட்டு மாசம் கழித்துக் கிடைத்த சன்மானம்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மறுபடி மேஜை முன்னால் உட்கார்ந்தேன். இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். யாரைப் பற்றி எழுதுகிறேனோ, அவர்கள்தான் முதல் வாசகர். (வீட்டுக்காரி பிரமோஷன் போனதில் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.) இந்தக் கட்டுரையையும் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

முழுசும் கேட்டார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"ஆறு தேங்காய் இல்லல. எட்டு!"