காது கேட்ட பின்பு

காது கேளாமற் பிறந்த குழந்தை பேசாமலே வளர வேண்டியதுதான் என்று நம் ஜனங்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இன்றோ அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் காதின் பின்புறத்தில் சிறு யந்திரம் தரித்த பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளிக்கூடம் செல்வதைக் காண்கிறோம். காக்ளியர் இம்பிளாண்ட் என்னும் இச்சாதனத்தை 1978-ல் மெல்போர்ன் நகரில் ஒரு நோயாளிக்குப் பொருத்திய கிரீம் கிளார்க் என்ற வைத்தியர், காது மந்தமான தகப்பனாரின் புதல்வர். நம் ராஜ்யத்தில் வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களில் 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இச்சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. எக்கட்சி ஆண்டாலும் இது பாராட்டத்தக்க தர்மமே.

ஆனால் சிகிச்சை முடிந்தவுடன் குழந்தைக்குக் குணமாகிவிட்டது என்று உற்றாரும் உபாத்தியாயர்களும் நினைத்து விடுகிறார்கள். இந்த நினைப்பே பெருந்தீங்கு விளைப்பது. யந்திரம் செவி நரம்புக்கு மின் துடிப்புகளை அனுப்புகிறதேயன்றி, பழுதான செவியைச் செம்மைப்படுத்துவதில்லை. அத்துடிப்புகளைச் சொல்லாக அறிய மூளை பல மாதங்கள், பல வருஷங்கள் பழக வேண்டும். பாட்டரி தீர்ந்தாலோ, விளையாட்டில் காந்தம் நழுவி விழுந்தாலோ அக்கணமே முன்போல் நிசப்தம்.

நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பை எண்ணிப் பாருங்கள். மேலே மின்விசிறி சப்திக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பஸ் அலறுகிறது. உபாத்தியாயினி கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் சொல்லுகிறார். இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தறிவதே இக்கருவிக்கு மிகக் கடினமான காரியம். தூரம் கூடக்கூடப் பேச்சும் தேய்கிறது. தமிழில் லகர, ளகர, ழகர பேதம் வேறு! விளங்காத பிள்ளை விளங்கியதுபோல் தலையசைக்கிறது. அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் சூட்டுகிறோம். இடைவேளையில் இன்னும் கஷ்டம். நாலு பேர் ஒரே சமயத்தில் பேசிச் சிரிக்கும்போது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அறியாமல் தானும் சிரித்து வைக்கும் குழந்தை நாளடைவில் ஒதுங்கி விடுகிறது. பரீட்சை மார்க்கில் இது தெரிவதில்லை.

அடையாற்றில் 1969 முதல் நடந்துவரும் பால வித்யாலயம், சிறு பிராயத்திலேயே காது கேளாத குழந்தைகளைச் சேர்த்து, தாயாரையும் உடனிருத்திப் பேச்சுப் பழக்கி, பின்னர் பொதுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. இங்ஙனம் பாடுபட்டு அனுப்பும் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் பள்ளி என்ன செய்கிறது என்பதே நம் கேள்வி. ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 16-வது பிரிவு, சர்க்காரின் பண உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளில் மாணவரின் தேவைக்கேற்ற வசதி அளிக்கச் சொல்லுகிறது. அதில் ‘முயல வேண்டும்’ என்னும் சொல்லும் புகுந்திருக்கிறது. அச்சொல்லின் பலவீனத்தை வக்கீல்கள் அறிவர்.

தேவைகளோ அற்பமானவை. முன்வரிசையில் இடம், முகம் பார்த்துப் பேசும் உபாத்தியாயர், அவர் சட்டையில் மாட்டிக்கொள்ளச் சிறு மைக். அந்த மைக் அவர் குரலை நேரே பிள்ளையின் யந்திரத்துக்கு அனுப்பும். ஆண்டு விழாவுக்குத் தெரு முழுவதும் ஒலிபெருக்கி கட்டும் பள்ளி நிர்வாகிகள் இதற்குப் பணமில்லை என்று சொல்வார்களா?