பொதுக்காட்டில் தாவரச் சீரமைப்பும் அதன் விளைவுகளை மதிப்பிடுதலும்

காடு அரசாங்கத்தினுடையது என்றால், அதில் மரம் நடவும் வெட்டவும் உரிமை வனத்துறைக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வாறு நடுவதாலும் வெட்டுவதாலும் மண்ணுக்கும் நீருக்கும் விலங்குக்கும் மனிதருக்கும் நேரக்கூடியவை யாவை என்பதை முன்கூட்டியே அளந்தறியும் கடமை யாருடையது? இவ்வினாவைப் பொதுப்படையாக ஆராய்வதினும் நமக்கு அருகிலுள்ள பழனி மலையின் மேற்பரப்பை வைத்து ஆராய்வது பயனுடையதாகும். அம்மலையோடு நம் திருச்சபைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1845ஆம் ஆண்டில் கொடைக்கானலில் முதல் வீடுகளை அமைத்தவர்கள் அமெரிக்க மிஷனெரிகளே.

அவர்கள் ஏறிச்சென்ற மலைமுகட்டில் இன்று நாம் காணும் அடர்ந்த தோப்புகள் இருந்ததில்லை. ஈரம் தங்கும் மடிப்புகளில் சோலைக்காடும், காற்று வீசும் மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளியும் மாறிமாறி அமைந்திருந்தன. இவ்விரண்டும் சேர்ந்ததே அம்மலையின் இயற்கை. பெய்யும் மழையை வாங்கிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுபவையும் இவையே. தென்சரிவின் ஓடைகள் வைகையையும் வடசரிவின் ஓடைகள் அமராவதியையும் சேருகின்றன. ஆயினும் மரம் இல்லாத நிலம் வீண்நிலம் என்னும் எண்ணம் அக்கால வனவியலில் வேரூன்றியிருந்தது. ஆகவே தோல் பதனிடுவதற்கு வேண்டிய பட்டைக்கென வாட்டில் எனவும் சீகை எனவும் வழங்கும் ஆஸ்திரேலிய மரமும், ஆலைகளுக்கென யூகலிப்டஸும், இவற்றோடு பைன் மரமும் புல்வெளிகளில் நடப்பட்டன. 1973ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படங்களை 2014ஆம் ஆண்டின் படங்களோடு ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, பழனி மலையின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதெனக் காட்டுகிறது. தோப்புகளும் விவசாயமும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

இதில் தீயநோக்கம் யாருக்கும் இருந்ததாகக் கூறுவதற்கில்லை. நட்டவர்கள் நன்மை செய்வதாகவே நம்பினார்கள். குறை யாதெனில், நடுவதற்கு முன் எவரும் கேட்டிருக்கவேண்டிய வினாக்கள் கேட்கப்படவில்லை என்பதே. அவ்வினாக்களைக் கேட்பதையே சட்டக் கடமையாக்கியது அமெரிக்காவில் 1970 ஜனவரி முதல் நாளில் கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். அங்கு அரசாங்கக் காட்டில் புதர் அகற்றுதல், மரம் கலைத்தல், தீயிட்டுச் சீர்செய்தல் ஆகியவற்றுக்குங்கூட, விதிவிலக்கு அளிக்கப்பட்ட வகைப் பணிகள் நீங்கலாக, மதிப்பீட்டறிக்கை வேண்டப்படுகிறது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் அறிவிக்கையும் அதற்குப் பதிலாக வந்த 2006ஆம் ஆண்டின் அறிவிக்கையும் சுரங்கம், அணை, ஆலை, நெடுஞ்சாலை முதலியவற்றையே நோக்குகின்றன. வனத்துறை தன் காட்டிலே செய்யும் தாவரப் பணி அவ்வரிசையில் இடம்பெறவில்லை. அதனை ஆளுவது செயல்திட்டம் எனப்படும் நீண்டகால ஏடு. கூடலூர்ப் பகுதிக் காடுகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 12ஆம் நாள் உச்சநீதிமன்றம் இட்ட ஆணைக்குப் பின், மத்திய அரசு ஏற்றுக்கொண்ட செயல்திட்டத்தின்படியன்றிக் காட்டில் மரம் வெட்டுதல் கூடாது என்றாயிற்று.

இப்பொழுது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. அந்நிய மரங்களை அகற்றவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் வலியுறுத்தி வந்துள்ளது. 2022இல் தமிழக அரசும் இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. கொள்கை வரவேற்கத்தக்கதே. ஆனால் முன்னர் ஆராயாமல் நட்டதுபோல இன்று ஆராயாமல் வெட்டினால் அதே தவறு மறுமுறை நிகழும் என்பது என் அச்சம்.

மதிப்பீட்டின் உயிர்நாடி மாற்றுவழிகளை ஒப்பிடுவதிலே உள்ளது. அவ்வழிகளுள் ஒன்று, ஒன்றும் செய்யாதிருத்தல். இது வெறும் சம்பிரதாயம் அன்று. வாட்டில் மரத்தை அப்படியே விட்டால் யாது நேரும்? எஞ்சியுள்ள புல்வெளியின் ஓரங்களில் அதன் கன்றுகள் ஆண்டுதோறும் முன்னேறும். புல்லை நம்பி வாழ்வன ஒதுங்கும். ஆகவே சும்மா இருத்தலுக்கும் விலையுண்டு. சரி, முழுவதையும் ஒரே முறையில் வெட்டினால்? வாட்டிலின் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். நிழல் நீங்கி வெயில் பட்டவுடனோ தீ தொட்டவுடனோ அது கூட்டங்கூட்டமாக முளைக்கும். வெட்டிய தடிகளைச் சரிவில் இழுத்தால் மேல்மண் பெயரும். கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே மழை மிகுதி. பெயர்ந்த மண் அம்மழையில் ஓடைக்குச் செல்லும். இவை நேர்விளைவுகள்.

இன்னொன்றும் உண்டு. முதிர்ந்த தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரங்களின் கன்றுகள் தாமாகவே முளைத்து வளர்வதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். அந்நிய மரம் அங்கே தன்னை அறியாமல் செவிலித்தாயாகிவிட்டது! அத்தோப்பை வேரோடு அழித்தால் பிள்ளையும் அழியும். மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் களைகளைப் பிடுங்க விரைந்த வேலைக்காரரை வீட்டெஜமான் தடுத்ததன் காரணமும் இதுவே. அவ்வுவமை நியாயத்தீர்ப்பைக் குறித்ததேயன்றி வனவியலைக் குறித்ததன்று என்பதை மாணவர் மறத்தல் கூடாது. ஆயினும் வேர்கள் பின்னிக்கிடக்கும் என்பதை நிலத்தில் உழைத்தவரே அவ்வாறு சொல்லக்கூடும். ஆகவே எஞ்சிய புல்வெளியில் புதிதாகப் புகும் இளங்கன்றுகளை முதலில் அகற்றுவதும், சோலை மீண்டுவரும் பழந்தோப்பைத் தொடாதிருப்பதுமே தக்க வழி என எனக்குத் தோன்றுகிறது.

மறைமுக விளைவுகள் இவற்றினும் எளிதில் கண்ணுக்குத் தப்புவன. மலையூர்களில் வாட்டில் விறகைத் தலைச்சுமையாகக் கொண்டுவரும் பெண்களை அறியாதார் இல்லை. மரங்களனைத்தையும் ஒப்பந்தக்காரர் லாரியில் ஏற்றிச் சென்றுவிட்டால் அவ்வீடுகளில் அடுப்பெரிவது எதனால்? அருகிலுள்ள சோலையை நோக்கியே அரிவாள் செல்லும். பளியர் மக்கள் தேனும் கிழங்கும் மருந்துச்செடியும் தேடிச்செல்லும் தடங்கள் எவ்வழி என்பதும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராமசபைக்கு ஒரு குரலைத் தந்துள்ளது. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு மாவட்ட அலுவலகத்தில் வைக்கப்படுமாயின் அக்குரல் எழுவதெப்படி?

கிறிஸ்தவ மரபே இயற்கையின் சீரழிவுக்குப் பெரும் பொறுப்புடையது என்று 1967இல் லின் ஒயிட் எழுதிய கட்டுரைக்கு நம்மவர் பலர் மறுப்பெழுதியுள்ளனர். ஆதியாகமம் 1:28ஐ அவர் வாசித்த முறையில் ஒருதலைப்பட்சம் உண்டு. ஆனால் நாம் ‘உக்கிராணத்துவம்’ என்னும் சொல்லைச் சொல்லி அமைந்துவிடுவதும் போதாது. ஆதியாகமம் 2:15இல் மனிதனுக்கு இடப்பட்ட வேலையைக் குறிக்கும் இரு எபிரெய வினைகளுள் முதலாவது பணிவிடை செய்தலையும், இரண்டாவது காவல் காத்தலையும் உணர்த்தும். பணிவிடை செய்பவன் எஜமானின் தேவை யாதென முதலில் கேட்டறிவான். மதிப்பீடு என்பது அக்கேள்வியை முறைப்படி கேட்பதே என்று நான் கருதுகிறேன். நூற்றுநான்காம் சங்கீதக்காரர் உயர்ந்த மலைகளை யாருக்கென எண்ணினார் என்பதும் நோக்கத்தக்கது. நம் தமிழ் வேதாகமம் 18ஆம் வசனத்தில் வைத்திருக்கும் சொல் ‘வரையாடு’. மூலத்திலுள்ள விலங்கு வேறு. எனினும் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த அப்பெயருக்குரிய உயிர், மேற்குத்தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளையும் பாறைச் சரிவுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. புல்வெளியை வீண்நிலம் என்றவர் அதனைக் கணக்கிலே சேர்க்கவில்லை.

நடைமுறையில் மிகுதியாகக் கைவிடப்படும் பகுதி பின்தொடர்தல். மரம் வெட்டும் ஒப்பந்தம் தடி லாரியேறும் நாளில் முடிவடைகிறது. வாட்டில் விதையின் வேலையோ அந்நாளில்தான் தொடங்குகிறது. ஆகவே வெட்டிய ஒவ்வொரு துண்டு நிலத்தையும் குறித்துவைத்து, முளைத்த கன்றுகளை ஆண்டுதோறும் எண்ணிப் பிடுங்குவதற்கும், புல் எவ்வளவு திரும்பியது, ஓடையில் கோடைநீர் எவ்வளவு என்று அளப்பதற்கும் ஆகும் செலவைத் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே காட்டவேண்டும். மரம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கலாம். பிடுங்கும் வேலையை ஒப்பந்தக்காரருக்கு விடாமல், விறகுக்கு அலையும் அப்பெண்களுக்கே கூலியோடு கொடுக்கலாம்.