கங்கைகொண்டசோழபுரம்: ஒரு சிற்றூரின் பொதுச்சொத்து

ஜயங்கொண்டம் வட்டாரத்துச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம் கங்கைகொண்டசோழபுரத்தில் சிறிது நேரம் தங்கி வருவது நமது வழக்கம். இன்று அது ஒரு சிற்றூர். ஆயினும், கங்கை வரை படை செலுத்திய முதலாம் இராஜேந்திர சோழன் ஏறத்தாழ 1025-ஆம் ஆண்டில் அமைத்த தலைநகரம் அதுவே. அதன்பின் சுமார் 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைமை அங்கேயே இருந்தது.

வெற்றி கண்ட அரசர் கல்லில் தூண் நாட்டுவர். இராஜேந்திரனோ ஏரி வெட்டினான். கங்கை நீர் கலந்த அந்தச் சோழகங்கத்தை, நீராலான வெற்றித்தூணாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. இப்பொழுது பொன்னேரி என்று வழங்கும் அதன் கரை 16 மைல் நீளமுடையது என்றும், கொள்ளிடத்திலிருந்து சுமார் 60 மைல் நீளக் கால்வாய் அதற்கு நீர் கொணர்ந்தது என்றும் 1855-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று தெரிவிக்கிறது. கால்வாய் பழுதுற்றது, ஏரி நெடுங்காலம் பயனற்றுக் கிடந்தது.

அதே குறிப்பு மற்றொரு துயரத்தையும் பதிவு செய்துள்ளது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காக ஆங்கில அரசாங்கத்தார் கோயில் மதிற்சுவரை இடித்துக் கற்களைக் கொண்டு சென்றனர். ஏழைக் குடிமக்கள் இயன்றவரை தடுத்தனர், தண்டனையே பெற்றனர். பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாக அளித்த வாக்கும் நிறைவேறவில்லை.

பழியை அயலார் மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டின் செங்கற்களைத் தோண்டி வீடு கட்டிக்கொண்டவர்கள் நம்மவர்களே. 1980-ஆம் ஆண்டையொட்டித் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபொழுது, எஞ்சிய அடிச்சுவர்களே பெரிதும் வெளிப்பட்டன. கோயில் மட்டும் நிலைத்து நின்றது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது.

அங்கத்தினர்களே! பொதுச்சொத்து எவ்வாறு அழிகிறது என்பதைச் சங்கம் நடத்தும் நாம் நன்கறிவோம். ஒவ்வொருவரும் சிறிது எடுத்துச் செல்ல, பிறர் வாளாவிருப்பதே அதற்குப் போதும். உழும்போது காசோ சிலையோ அகப்பட்டால் மறைக்காது மாவட்ட ஆட்சியருக்கு அறிவியுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் அதனையே வேண்டுகிறது. ஏரிக்கரையையும் வாய்க்காலையும் ஆக்கிரமியாது காத்திடுங்கள். அன்று தடுத்து நின்ற அவ்வேழைகளின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் காக்க முயன்றவற்றுள் எஞ்சியது நம் கையில் இருக்கிறது.