கோட்டம் எடுக்க ஆள் இல்லை

சைக்கிள் கடைக்காரரைப் பற்றி எழுதச் சொன்னால் தமிழ்ப் பத்திரிகைக்காரனிடம் இரண்டு பாணி கைவசம் உண்டு. வாடகை சைக்கிள் காலத்தை நினைத்து உருகலாம். இல்லாவிட்டால் கடைக்காரரின் முன்கோபத்தை வைத்துச் சிரிக்க வைக்கலாம். சைக்கிள் ஒழிந்துகொண்டு வருகிறது, அதோடு இவர்களும் ஒழிகிறார்கள் என்ற முன்முடிவு இரண்டிலும் ஒளிந்திருக்கும். கணக்கெடுப்புகள் அப்படிச் சொல்லவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 43.7 சதவீதத்திடம் சைக்கிள் இருந்தது. 2011-ல் அது 44.8. அதே பத்தாண்டில் மோட்டார் இருசக்கர வாகனம் உள்ள வீடுகள் 11.7 சதவீதத்திலிருந்து 21 ஆகின. பைக் அவ்வளவு ஏறியும் சைக்கிள் இறங்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் ஏறத்தாழப் பாதி வீடுகளில் சைக்கிள் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-ல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டம் வேறு இருக்கிறது. ஆகவே திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பழுதுபார்க்கும் கடைகள் ஏன் சுருங்குகின்றன என்பதற்கு விடையை வண்டியில் தேடிப் பயனில்லை. வண்டியைத் தொடும் கைக்கு நாம் கூலி கொடுப்பதில்லை, கோளாறு அங்கேதான்.

கூலி எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். பஞ்சர் என்றால் ஒட்டுக் கணக்கு: ஓர் ஒட்டுக்கு இவ்வளவு, இரண்டு என்றால் அதைப் போல இரட்டிப்பு. கொள்ளிடக்கரைப் பக்கம் போய்வந்த வண்டியில் பெரும்பாலும் சீமைக்கருவேல முள். டியூபை உருவிக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பிடித்து, தேய்த்து, சொலூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டுவதை யாரும் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். அதற்கப்புறம் டயரின் உட்புறத்தை விரல் நுனியால் ஒரு முழுச் சுற்றுத் தடவுகிறாரே, அதுதான் வேலை. முள் முனை ஒடிந்து ரப்பருக்குள் நின்றிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தட்டும். அதை விட்டுவிட்டால் வண்டி அடுத்த தெருமுனையில் உட்கார்ந்துவிடும். தடவிப் பார்த்ததற்குக் காசு கிடையாது. பார்க்காமல் விட்டால் இன்னோர் ஒட்டுக்குக் காசு உண்டு! ஒழுங்காகச் செய்பவரைத் தண்டிக்கிற கணக்கு இது. கோட்டம் எடுப்பதில், அதாவது கோணிய சக்கரத்தை நேராக்குவதில், இன்னும் மோசம். பழைய 28 அங்குல வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து, எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை அதே அளவு இறுக்க வேண்டும். ஒன்றை இறுக்கினால் பக்கத்துக் கம்பிகளின் இழுப்பு மாறும். பக்கவாட்டுக் கோட்டம் போகிற நேரத்தில் மேலும் கீழுமான ஆட்டம் வந்து சேரும். அரைமணி நேரம் குனிந்து செய்து முடித்த பிறகு பார்த்தால் புதிதாக ஒரு சாமான்கூட வண்டியில் ஏறியிருக்காது. சாமானே போடவில்லை, இதற்கு இவ்வளவா என்று கேட்கிற அதே ஆள், ரிம்மையே மாற்றிவிட்டால் வாய் பேசாமல் எடுத்துக் கொடுப்பார்.

கடைக்காரரின் குணத்தை இதற்குப் பிறகுதான் பேச வேண்டும். பெடலை ஒரு சுற்றுச் சுற்றி, வருகிற சத்தத்தை வைத்தே பால்ரஸ் உடைந்திருக்கிறதா கோன் தேய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பவருக்கு, வண்டி கொண்டுவந்தவர் சொல்லும் கதை தேவைப்படாது. கேட்டுக்கொண்டிருந்தால் அந்த நேரத்துக்கும் கூலி கிடையாது. அதனால்தான் அந்தச் சுருக்கப் பேச்சு: “விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க.” அவரை உண்மையிலேயே கோபப்படுத்த வேண்டுமென்றால், “அண்ணே, அந்த ஸ்பானரைக் கொஞ்சம் குடுங்கண்ணே, நானே முறுக்கிக்கிறேன்” என்று கேட்டால் போதும். கூலியும் போயிற்று, நட்டின் மரை மழுங்கித் திரும்பி வரும்போது அதைக் கழற்றும் வேலையும் அவர் தலையில்தான். இதே ஆசாமி, காற்றடிக்கிற பம்பைக் காலையிலேயே வாசலில் வைத்துவிட்டு, அடித்துக்கொண்டு போகிற பள்ளிப் பிள்ளைகளிடம் சில்லறை கேட்காமல் இருப்பார். முன்கோபி என்றும் தாராளமானவர் என்றும் ஒரே மனிதரைப் பற்றித் தெருவில் இரண்டு பெயர் உலவுவதன் ரகசியம் இவ்வளவுதான். கைக்கு மதிப்பு வைக்காதவரிடம் எரிச்சல். மதிப்பு என்ற பேச்சே எழாத இடத்தில் பெருந்தன்மை.

இந்தக் கூலி முறை ஒரு காலத்தில் ஓடியதென்றால், வாடிக்கையாளர் அப்படிப்பட்டவர். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனையிலும், 1960-களில் திருவெறும்பூரில் எழுந்த கொதிகலன் ஆலையிலும் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை மிதித்து வீடு திரும்பியவர்கள் தாங்களே ஸ்பானர் பிடித்தவர்கள். கால் சுற்று என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீரங்கமோ சைக்கிளுக்கென்றே போட்டதுபோல் சமதளத் தீவு. உத்தர வீதி, சித்திர வீதி, அடையவளஞ்சான் வீதி என்று கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஓடும் தெருக்களில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. டவுனுக்குப் போக 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தில் ஏறினால் மட்டும் ஆடி மாதத்து மேல்காற்று பக்கவாட்டில் வந்து அறையும். கோட்டம் விழுந்த சக்கரத்தோடு அந்தக் காற்றில் மிதித்தவர் மறுநாள் காலை தானாகவே கடைக்கு வந்துவிடுவார். இன்றைக்கு மிதிப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர். பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணுக்குச் செயின் கழன்று கழன்று விழுகிறது. பணம் எடுக்க வேண்டிய அப்பாவுக்கு அந்த உதறல் தெரியாது. இலவசமாக வந்த வண்டிக்கு இவ்வளவு செலவா என்று அவர் யோசிப்பதில் ஆச்சரியமில்லை. பள்ளி மைதானத்தில் அவசரமாகப் பூட்டி இறக்கிய வண்டியை முதல் வாரத்திலேயே ஒருமுறை முழுக்க முறுக்கியாக வேண்டும் என்பதையும் அவரிடம் யாரும் சொல்வதில்லை.

எனக்கு உறுத்துவது இதுகூட இல்லை. கற்றுக்கொள்ள ஆள் வராததுதான். பல கடைகளில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலை நரைத்திருக்கிறது. பக்கத்தில் பையன் இல்லை. அந்தப் பையன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான், அது நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான். 1986-ம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2016-ல் அதில் வந்த திருத்தமும் கடையிலிருந்து சிறுவர்களை வெளியேற்றியது நியாயமே. அந்தக் காலத்துக் குருகுலம் என்பது பாதி நாள் சோறும் பாதி நாள் அடியும்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் வரக் கூடாதவன் பதினெட்டு வயதில் ஏன் வருவதில்லை? ஒட்டுக் கணக்கில் ஒரு குடும்பம் நடத்த முடியாது என்று அவனுக்குத் தெரியும். அதே உழைப்புக்குப் பைக் ஒர்க்‌ஷாப்பில் சம்பளம் உண்டு. பெண்கள் பக்கமும் இதே கதைதான். பக்கத்துப் புதுக்கோட்டை 1974 வரை திருச்சியோடு சேர்ந்திருந்த பகுதிதான். அங்கே 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அவர்களில் எத்தனை பேர் கடை போட்டு உட்கார்ந்தார்கள்? ஓட்டுவதற்கு நாம் காட்டிய உற்சாகத்தில் கால்வாசியைக்கூடப் பழுதுபார்ப்பதற்குக் காட்டவில்லை. ஒரு கைத்தொழில் எப்படிப் போகும் என்பதைத் திருச்சிக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை. செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த வீடுகள் இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஆயிரக்கணக்கில் இருந்தன. சீனாவிலிருந்து இயந்திரத்தில் தீட்டிய கல் இறங்கியபோது கல்லுக்குத் தட்டுப்பாடு வரவில்லை. கைகள்தான் கட்டட வேலைக்கும் கடைச் சிப்பந்தி வேலைக்கும் போய்ச் சேர்ந்தன.

தில்லைநகர்ப் பக்கம் கியர் சைக்கிள் ஷோரூம்கள் வந்திருக்கின்றன, பயிற்சி பெற்ற இளைஞர்கள் யூனிஃபார்ம் போட்டு வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு தரப்பு சொல்லும். இருக்கட்டும். அந்த வண்டிகளில் பழுதான பாகத்தை அப்படியே கழற்றிவிட்டுப் புதிது மாட்டுவதுதான் பெரும்பாலும் வேலை. காந்தி மார்க்கெட்டில் மூட்டை ஏற்றும் ட்ரை சைக்கிளை அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: சைக்கிள் ஏழையின் வண்டி, கூலியை ஏற்றினால் அடிபடுவது அவர்தான் என்பது. உண்மை. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கும் உதிரிபாகத்துக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனபோது சொன்ன நியாயமும் இதே வகைதான். அப்படி ஏழையின் மேல் கரிசனம் என்றால், அதை மெக்கானிக்கின் பையிலிருந்தா எடுத்துக் கொடுப்பது? அவரும் அதே தெருவில் வாடகை வீட்டில் இருப்பவர். விலையில்லா சைக்கிளோடு ஆண்டுக்கு இரண்டு ஓவராயிலிங்குக்கான சீட்டையும் சேர்த்துக் கொடுத்து, அந்தச் சீட்டில் சாமான் விலை தனி, கைக்கூலி தனி என்று அச்சடித்துவிட்டால், தெருக்கடைக்கு ஜூனிலிருந்து மார்ச் வரை நிச்சயமான வேலை இருக்கும். உதவிக்கு ஓர் இளைஞனையோ பெண்ணையோ வைத்துச் சம்பளம் கொடுக்கவும் துணிவு வரும். கோட்டம் எடுப்பதற்கு ஒரு தொகை அதில் அச்சாகிவிட்டால், சீட்டு இல்லாமல் வருகிற மற்றவர்களிடமும் அதே தொகையைக் கேட்கக் கடைக்காரருக்கு வாய் வரும். கள்ளக் கணக்கு எழுதமாட்டார்களா, செய்யாத வேலைக்குச் சீட்டு வாங்கமாட்டார்களா என்று கேட்பார்கள். சிலர் செய்வார்கள்தான். பின்சக்கரத்தைத் தூக்கி ஒருமுறை சுழலவிட்டு, பிரேக் கட்டையில் உரசுகிறதா என்று பார்த்தால் வேலை நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்குப் பெரிய நிபுணர் வேண்டாம், பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரே பார்த்துக் கையெழுத்துப் போடலாம்.