அமீபாவின் அங்க அடையாளம்

கண் சிவந்திருக்கிறது, வெளிச்சம் கூசுகிறது. வலியோ அந்தச் சின்னப் புண்ணுக்குக் கொஞ்சமும் பொருந்தாத வலி. டாக்டர் பார்க்கிறார்: ஹெர்பிஸ் வைரஸ் போலவும் இருக்கிறது, பூஞ்சை போலவும் இருக்கிறது. கருவிழிக்குள் புகுந்த அகாந்தமீபா இப்படித்தான் ஆள்மாறாட்டம் செய்யும்.

குழாய்த் தண்ணீர், குளம், மண், தூசி என்று எங்கும் திரியும் ஒற்றைச் செல் உயிரி அது. பிழைக்க நம் கண் அதற்குத் தேவையே இல்லை. மேலைநாடுகளில் பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு வருகிறது. தென்னிந்தியாவில் இந்தப் புண்ணோடு வருபவர்களில் பலர் லென்ஸ் போட்டே பார்க்காதவர்கள். கண்ணில் மண்ணோ தூசியோ விழுந்திருக்கும்.

உறுதிசெய்யப் பழைய வழி ஒன்று உண்டு. புண்ணைச் சுரண்டி எடுத்து, ஈ.கோலி பாக்டீரியா பூசிய அகர் தட்டில் வைப்பார்கள். அமீபா இருந்தால் பாக்டீரியாவை மேய்ந்துகொண்டே நகரும்; பனி படிந்த புல்லில் ஆடு நடந்த மாதிரி தடம் விழும். பார்க்க அழகுதான். ஆனால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் கண்ணில் இருப்பது இரட்டைச் சுவர்க் கூடு கட்டி உள்ளே அடங்கிவிட்டால் மருந்துக்கு லேசில் மசியாது.

ஆகவேதான் அமீபாவைச் சீக்கிரம் அடையாளம் காட்டும் எதிர்ப்பொருளைத் தேடுகிறார்கள். அந்நியப் புரதத்தை ஒரு விலங்கின் உடலில் செலுத்தினால், அதை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் உருவாகும். 1975-ல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே வார்ப்பான எதிர்ப்பொருளை ஆய்வகச் செல்களில் வேண்டிய மட்டும் உற்பத்தி செய்யவும் வழி கண்டார்கள். சிக்கல் வேறிடத்தில்: அமீபாவின் எந்தப் பகுதியை விலங்குக்குக் காட்டுவது?

தென்கொரிய ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று கோரிஸ்மேட் மியூட்டேஸ் என்ற நொதி. சில அமினோ அமிலங்களைச் சொந்தமாகத் தயாரிக்கும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. நாம் அவற்றைச் சாப்பாட்டிலிருந்து பெறுவதால் நம் உடலில் அந்த நொதியே இல்லை. பாக்டீரியாவிடமும் பூஞ்சையிடமும் அதன் பங்காளிகள் உண்டு என்பதால், முழு நொதியை விட்டுவிட்டு, அமீபாவுக்கே உரிய ஒரு சிறு துண்டை மட்டும் தேர்ந்தார்கள். என்னைக் கேட்டால் இந்தத் தேர்வில்தான் பாதி வெற்றி.

பிறகு பரீட்சை. அமீபா, பாக்டீரியா, பூஞ்சை, மனிதக் கருவிழிச் செல் எல்லாவற்றின்மேலும் எதிர்ப்பொருளை விட்டு, அதைக் காட்டிக்கொடுக்கும் ஒளிர்சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அமீபா மட்டும் ஒளிர வேண்டும். அதுவும் ஒரு தடவை போதாது. கூட்டுக்குள் போன அமீபா தன் புரதங்களையும் மாற்றிக்கொள்கிறது. ஊரும்போது அகப்பட்டது அடங்கிய பிறகு நழுவக்கூடும். அதனால் பரீட்சையில் கூடுகளுக்கும் தனியாக ஒரு தட்டு உண்டு.