தங்கவயலின் வயிறும் மனமும்

மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலைப் பிடித்து, நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் கோலார் தங்கவயலில் ஏராளம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, ஊரின் பிழைப்பு பெரும்பாலும் இந்தத் தண்டவாளத்தை நம்பித்தான் இருக்கிறது. காலையில் வெறும் டீ. மதியம் கிடைத்த நேரத்தில் கிடைத்த சாப்பாடு. இரவு பத்து மணிக்கு வயிறு முட்டச் சோறு, உடனே படுக்கை. சில மாதங்களில் நெஞ்செரிச்சலும் உப்புசமும் வந்துவிடும். கூடவே தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும், காரணமில்லாமல் பதறும். வயிற்றுக்கு மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கிக்கொள்கிறோம். மனசுக்கு 'டென்ஷன்' என்று பேர் வைத்து விட்டுவிடுகிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் சொல்லித்தருவதில்லை.

கீழிருந்து வரும் மணி

சுரங்கத்தில் கூண்டை இழுக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு ஆழத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கீழிருந்து வரும் மணியோசையை வைத்துத்தான் ஏற்றுவார், இறக்குவார், நிறுத்துவார். மூளைக்கும் குடலுக்கும் உள்ள உறவும் ஏறக்குறைய இதுதான். மூளைத்தண்டிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு, கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. மூளை கட்டளையிடுவதைவிடக் கேட்டுக்கொள்வதே அதிகம்.

குடல் சுவரிலேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் இருக்கின்றன. மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 சதவீதம் உருவாகும் இடமும் குடல்தான். அதனால் குடலைச் சரிசெய்தால் சந்தோஷம் பொங்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். குடலில் சுரக்கும் செரட்டோனின் நேரே மூளைக்குள் நுழையாது. குடலை அசைக்கவும், நரம்பு நுனிகளைத் தட்டிச் செய்தி அனுப்பவும்தான் அது பயன்படுகிறது.

மேலிருந்தும் செய்தி இறங்கும். பயம் வந்தால் இரைப்பை மந்தமாகும், பெருங்குடல் வேகமெடுக்கும். இன்டர்வியூ நாளில் இரண்டு முறை கழிவறைக்கு ஓடுவது அதனால்தான். இதுவே மாதக்கணக்கில் நீடித்து, வயிற்றுவலியும் மலம் கழிப்பதில் மாற்றமும் சேர்ந்து வந்தால் எரிச்சல் குடல் நோயாக இருக்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அது கொடுமை. வலி உண்மை. மனப் பயிற்சியும் சில மருந்துகளும் அதற்குப் பலன் தருகின்றன.

தினமும் ஒரு கேஸ் மாத்திரை

பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளைச் சீட்டில்லாமல் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம் ஊரில் குறைவில்லை. உணவில் உள்ள வைட்டமின் பி12-ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். அந்த அமிலத்தை இந்த மாத்திரைகளால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து அடக்கிவைத்தால் பி12 குறையும் வாய்ப்பு கூடுகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கும் இதே ஆபத்து உண்டு. "நாங்கள்தான் கறி மீன் சாப்பிடுகிறோமே" என்பது பதிலாகாது. தட்டில் இருந்தாலும் உடல் அதை உறிஞ்ச வேண்டுமே.

பி12 குறைவின் அறிகுறிகள் இவை: பாதத்தில் மரமரப்பு, நடையில் தடுமாற்றம், மறதி, எதிலும் பிடிப்பில்லாத சோர்வு. ஓய்வுபெற்ற வயதில் இவை வந்தால் "வயசாயிடுச்சு" என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு தெரிந்துவிடும். ஊசியோ மாத்திரையோ போதும். ஆனால் நாள் தள்ளினால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாது. அதற்காகக் கேஸ் மாத்திரையை நாமாகவே திடீரென்று நிறுத்துவதும் கூடாது. இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

கல்லீரல் கெட்டால் புத்தி தடுமாறும்

குடல் மூளையைக் கலக்கும் என்பதற்குக் கல்லீரல் கெட்டவரின் புத்தித் தடுமாற்றத்தைவிடத் தெளிவான சாட்சி இல்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. நல்ல கல்லீரல் அதை வடித்துவிடும். குடியாலோ மஞ்சள்காமாலை வைரஸாலோ கல்லீரல் சுருங்கியவருக்கு அது மூளைவரை போய்விடும்.

முதலில் தூக்கம் தலைகீழாகும். பகலில் தூங்குவார், ராத்திரி விழித்திருப்பார். கையெழுத்து கோணும். கைகளை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் விரல்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும். பிறகு பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது. சிலர் பேய் பிடித்ததென்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள், சிலர் குடிபோதை என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். இது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை. மலச்சிக்கல், ரத்த வாந்தி, கிருமித்தொற்று, தூக்க மாத்திரை ஆகியவை இதைத் தூண்டிவிடும்.

இதற்கு முதல் மருந்து தலைக்குக் கொடுப்பதில்லை, குடலுக்குக் கொடுப்பது: லாக்டுலோஸ் சிரப். அம்மோனியாவைக் குடலிலேயே கட்டிப்போட்டு வெளியேற்றும். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போனால்தான் அளவு சரி. வயிறு போகிறதே என்று வீட்டார் அதை நிறுத்திவிட, சில நாளில் அவர் மறுபடி குழம்பிப்போவதுண்டு. முட்டை, பருப்பு, பால் எதையும் நிறுத்த வேண்டாம். புரதத்தைக் குறைக்கும் பழைய வழக்கத்தை மருத்துவம் கைவிட்டுவிட்டது. குடியை மட்டும் விட்டாக வேண்டும், அதுவும் மருத்துவர் மேற்பார்வையில்.

களியும் கூழும்

சுரங்கத்தில் இறங்கிய தாத்தாக்களின் தெம்பு ராகிக் களியிலும் அவரைக்காய்க் குழம்பிலும் இருந்தது. ராகியின் நார்ச்சத்தில் ஒரு பகுதியைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து, குடல் சுவரைப் பேணும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. வீக்கத்தைத் தணிப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. மூளைக்கு இவை எவ்வளவு உதவுகின்றன என்ற ஆராய்ச்சி பெரும்பாலும் எலிகளில்தான் நடந்திருக்கிறது. ஆனாலும் ரயில் ஏறும் முன் மோர் கரைத்த ராகிக்கூழ் ஒரு சொம்பு குடிப்பது, வெறும் டீயைவிட எந்த வகையிலும் மேல். விலை கொடுத்து புரோபயாட்டிக் டப்பா வாங்க அவசியமில்லை.

எப்போது பொறுக்கக் கூடாது

மலத்தில் ரத்தம், கருப்பாக மலம், காரணமின்றி எடை குறைதல், விழுங்கச் சிரமம், ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய வயிற்றுக் கோளாறு: இவற்றுக்குக் கேஸ் மாத்திரை போட்டு நாள் கடத்தக் கூடாது. பல ஆண்டு மலச்சிக்கலோடு வாசனை தெரியாமல் போவதும் கைநடுக்கமும் சேர்ந்தால் நரம்பு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பார்க்கின்சன் நோய் சிலருக்கு நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே குடலில் தலைகாட்டுகிறது. மலச்சிக்கல் மட்டும் உள்ளவர் பயப்பட வேண்டியதில்லை.

மனம் சோர்ந்திருந்தால் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை வரை போக முடியாதவர்களும் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசலாம். மருத்துவரிடம் போகும்போது, சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், கடையில் நீங்களாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வயிற்றுவலிக்குப் போனாலும் தூக்கம் எப்படி என்று சொல்லுங்கள். மறதிக்குப் போனாலும் வயிறு எப்படி என்று சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.