பெட்டியும் அந்தாதியும்: லீட் கிதாரின் ஐந்து சுரங்களை முன்வைத்து

லீட் கிதார் கற்க முனைகிற எவருக்கும் முதலில் கிடைப்பது ஒரு படம். ஆறு நெடுங்கோடுகள் தந்திகள். குறுக்குக் கோடுகள் ஃப்ரெட்டுகள், வீணைக்காரர்கள் மெட்டு என்று சொல்வது. அவற்றின்மேல் பன்னிரண்டு கறுப்புப் புள்ளிகள். இதற்குப் 'பாக்ஸ்', அதாவது பெட்டி என்று பெயர். மைனர் பென்டடோனிக் எனப்படும் ஐந்து சுர ஸ்கேல் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. சுரத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, புள்ளி இருக்கிற இடத்தில் விரலை வை, எதை வாசித்தாலும் தப்பாகாது என்பது இந்தப் படம் தருகிற வாக்குறுதி. வாக்குறுதி பொய்யல்ல. பெரும்பாலும் தப்பாவதில்லைதான். ஆனால் தப்பே ஆகாத ஒரு மொழியில் ஒருவர் எதைப் பேசிவிட முடியும்?

ஏ மைனரை எடுத்துக்கொள்வோம். ஏ, சி, டி, ஈ, ஜி. ஏ-யைச் சட்ஜமாக வைத்தால் மற்றவை சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசியின் சுரங்கள். இனி ச க ம ப நி என்றே எழுதுகிறேன். ஐந்தாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை நிறுத்தி, தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை போனால் தந்திக்கு இரண்டு சுரம் வீதம் கிடைக்கிறது: ச க, ம ப, நி ச, க ம, ப நி, ச க. கை நகரவே வேண்டாம். ஐந்தாம் ஃப்ரெட்டுக்கும் எட்டாம் ஃப்ரெட்டுக்கும் இடைப்பட்ட எட்டு சென்டிமீட்டருக்கும் குறைவான இடத்தில் இரண்டு ஸ்தாயியும் அதற்குமேல் ஒரு காந்தாரமும் அடங்கிப்போகிறது. வாத்தியார் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஒரு பையன் ஒரே மாலையில் இதைப் பிடித்துக்கொள்ள முடியும். பெட்டியைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

சுத்த தன்யாசி என்றதும் நம்மில் சிலருக்கு உடனே உற்சாகம் பொங்கிவிடும். ஏழு சுரம் பண், ஆறு பண்ணியற்றிறம், ஐந்து திறம், நான்கு திறத்திறம் என்று அப்போதே வகுத்துவிட்டோம், எல்லாம் இங்கிருந்து போனதுதான் என்று கிளம்பிவிடுவார்கள். ஐந்து சுரம் சீனத்தில் இருக்கிறது, மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது, ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலில் இருக்கிறது. இதற்குப் பட்டா கேட்பது வீண் வேலை. நம் மரபிலிருந்து இங்கே உருப்படியாகப் பயன்படுவது வேறொன்று: பெயர்த்தல் என்கிற கருத்து. மோகனத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாக்கினால் மத்தியமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் இந்தோளம், பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி, தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. அதே ஐந்து சுரம்தான். எதை வீடாகக் கொள்கிறோம் என்பது மட்டும் மாறுகிறது. கிதாரிலும் ஐந்து பெட்டிகள் உண்டு, கழுத்து நெடுக ஒன்றையடுத்து ஒன்றாக. இரண்டாம் பெட்டிக்குப் போனதும் ராகம் மாறிவிட்டதாக நினைக்கிற கற்றுக்குட்டிகள் ஏராளம். அங்கே மாறுவது கையின் இருப்பிடம் மட்டுமே. ச இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பின்னால் ஒலிக்கிற கார்டு ஏ மைனராக இருக்கும்வரை நீங்கள் எந்தப் பெட்டியில் குடியிருந்தாலும் வீடு ஏ-தான்.

சரி, இந்த ஐந்து சுரம் லீட் கிதாருக்கு எந்த வழியாக வந்தது? ப்ளூஸ் வழியாக. படத்தில் இல்லாதது இந்த வரலாறுதான். டபிள்யூ.சி. ஹாண்டி தன் சுயசரிதையில், 1903 வாக்கில் மிஸிஸிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒரு கறுப்பினத்தவர் கத்தியைக் கிதார் தந்திமேல் அழுத்தி இழுத்து வாசித்ததைக் கேட்டதாக எழுதுகிறார். கத்தி ஏன்? ஃப்ரெட் தருகிற சுரம் அந்தப் பாட்டுக்குப் போதவில்லை என்பதால் என்றே நான் வாசிக்கிறேன். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டிவைத்த ஐரோப்பியக் கணக்குதான் ஃப்ரெட். ப்ளூஸ் பாடகரின் காந்தாரம் சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, பாட்டின் தேவைக்கேற்ப அலைகிற ஒன்று. அதை எட்ட ஒரு வழி கத்தி, இன்னொன்று பாட்டில் கழுத்து, மூன்றாவது தந்தியை விரலாலேயே பக்கவாட்டில் தள்ளி வளைப்பது. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் எடுக்கிற அதே வேலை.

பி.பி. கிங் தன் உறவினர் புக்கா ஒயிட்டைப் போல ஸ்லைடு வாசிக்க வராமல்போய், அந்த ஒலியை விரல் நடுக்கத்தாலேயே கொண்டுவர முயன்றதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய அந்த நடுக்கம் உலகம் முழுக்கக் கேட்டது. ஆல்பர்ட் கிங் இடதுகைக்காரர். வலதுகைக் கிதாரை அப்படியே கவிழ்த்துப் பிடித்ததால் மெல்லிய தந்தி மேலே, தடித்தது கீழே. மற்றவர்கள் மேலே தள்ளுகிற தந்தியை அவர் கீழே இழுத்தார். அமிரி பராகா, லீராய் ஜோன்ஸ் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தபோது வெளியிட்ட 'ப்ளூஸ் பீப்பிள்' (1963) கறுப்பினத்தவரின் சமூக இருப்பு மாறமாற அவர்கள் இசையும் மாறுவதைப் படிப்படியாகக் காட்டுகிற நூல். அந்தப் பார்வையில் பார்த்தால், படத்திலுள்ள பன்னிரண்டு புள்ளியும் ஒரு பிரதியின் எலும்புக்கூடு. புள்ளிகளுக்கு நடுவே தந்தி வளைந்த இடங்களில்தான் பேச்சு இருந்தது. அச்சில் ஏறியது புள்ளி மட்டும்.

இனி நீட்சிக்கு வருவோம். பெட்டி சலித்துப்போகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இங்கே வந்து சேர்கிறார்கள். நீட்டிய பென்டடோனிக் என்று ஒரே பெயரில் சொல்லப்பட்டாலும் உள்ளே குறைந்தது மூன்று வேறுவேறு காரியங்கள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கும் கைதான் வலிக்கிறது, காதுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

முதலாவது, சாய்வாக ஏறுவது. ஆறாம் தந்தியில் 3, 5. ஐந்தாம் தந்தியில் 3, 5, 7. நாலாம் தந்தியில் 5, 7. மூன்றாம் தந்தியில் 5, 7, 9. இரண்டாம் தந்தியில் 8, 10. முதல் தந்தியில் 8, 10, 12. சுரமாகச் சொன்னால் 'நி ச, க ம ப' என்பதே மூன்று ஸ்தாயியிலும் திரும்புகிறது. விரல்கள் நிற்கும் வடிவமும் மூன்று இடத்திலும் ஒன்றே. மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையே மட்டும் சுருதி இடைவெளி அரைச்சுரம் குறைவு. அதனால் கடைசி ஏற்றம் இரண்டு ஃப்ரெட்டுக்குப் பதில் மூன்று. இதில் விரலை விரிக்கிற கஷ்டமே கிடையாது, கை வழுக்கிப்போகிறது. ம-விலிருந்து ப-வுக்கு மோதிர விரல் சறுக்கும்போது அந்தப் பழைய கத்தியின் வாடை கொஞ்சம் வீசத்தான் செய்கிறது. மூன்றில் என் ஓட்டு இதற்கே.

இரண்டாவதுதான் உண்மையில் விரலை விரிக்கிற வகை. கை ஐந்தாம் ஃப்ரெட்டிலேயே நிற்கும், தந்திக்கு மூன்று சுரம். ஆறாம் தந்தி 5, 8, 10. ஐந்தாவதும் நாலாவதும் 5, 7, 10. மூன்றாவது 5, 7, 9. இரண்டாவதும் முதலாவதும் 5, 8, 10. இதைச் சுரமாக எழுதிப் பார்க்கிறபோது தமிழ் படித்தவருக்கு ஒன்று கண்ணில் படாமல் போகாது: ச க ம, ம ப நி, நி ச க, க ம ப, ப நி ச, ச க ம. அந்தாதி! ஒரு தந்தியின் ஈறு அடுத்த தந்தியின் முதலாகிறது. பதினெட்டு இடத்தில் விரல் வைத்தாலும் வெவ்வேறு சுரம் பதின்மூன்றுதான். பெட்டியில் ஏற்கனவே பன்னிரண்டு இருந்தது. அத்தனை வலிக்கும் கிடைத்த புதுச் சுரம் உச்சியில் ஒரே ஒரு மத்திமம்.

அப்படியானால் இது எதற்கு? மறுபடி வருகிற சுரம் அதே சுரம், ஆனால் அதே ஒலி இல்லை. தடித்த தந்தியின் பத்தாம் ஃப்ரெட்டில் எழும் ம கொஞ்சம் மங்கலாக, தொண்டைக்குள்ளிருந்து வரும். அடுத்த தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் அதுவே தெளிவாக, வாயிலிருந்து வரும். ஒரே சொல்லை இரண்டு குரலில் சொல்வது. தாளத்திலும் ஒரு விளையாட்டு உண்டு. மும்மூன்றாக வருகிற கோர்வையைச் சதுஸ்ர நடையில், அடிக்கு நான்கு வீதம் ஓட்டினால் அழுத்தம் ஒவ்வொரு முறையும் வேறு சுரத்தில் போய் விழும். பன்னிரண்டு சுரம் கழித்துத்தான் இரண்டும் சந்திக்கும். பெரும்பாலானவர்கள் இதைத் திஸ்ரத்திலேயே ஓட்டிவிட்டு வேகம் வந்துவிட்டதாகத் திருப்திப்படுகிறார்கள்.

மூன்றாவது, அந்தாதியை உடைத்து அடுக்குவது: ச க ம, ப நி ச, க ம ப, நி ச க, ம ப நி, ச க ம. எதுவும் திரும்பாமல் பதினெட்டும் பதினெட்டு சுரம். ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்கி இருபத்திரண்டில் முடியும். ஏணி. ஒருமுறை ஏறிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

விரலை விரிக்கிற சங்கதியை உடலிலிருந்து பேசவேண்டும். 648 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிதாரில் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கும் பத்தாம் ஃப்ரெட்டுக்கும் தூரம் 12 சென்டிமீட்டர். அதே வடிவத்தைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோனால், அதாவது ஈ மைனரில் வாசித்தால், 8 சென்டிமீட்டர்தான். ஆகவே அங்கே ஆரம்பித்து வாரம் ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்குவது புத்திசாலித்தனம். மணிக்கட்டில் சுரீரென்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். வலியைத் தாங்குவது தவம் என்கிற பேச்சு இங்கே வேண்டாம்.

கட்டைவிரல் விஷயம் இன்னும் சுவாரசியமானது. நான்கு விரலும் விரியவேண்டுமானால் கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் நடுவில் இறங்கி நிற்கவேண்டும். கிளாசிகல் கிதார் பள்ளிகள் போதிக்கிற கை இது. ப்ளூஸ்காரரின் கட்டைவிரலோ கழுத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும். தந்தியை வளைக்க அதுதான் நெம்புகோலின் தாங்குபுள்ளி. ஹென்ட்ரிக்ஸ் அந்தக் கட்டைவிரலாலேயே ஆறாம் தந்தியையும் அழுத்தினார். விரித்த கையால் வளைக்க முடியாது என்பதல்ல, சரியாக வளைக்க முடியாது. பெட்டியில் மோதிர விரல் தள்ளும்போது பின்னால் இரண்டு விரல் முட்டுக்கொடுக்கின்றன. பத்தாம் ஃப்ரெட்டில் நீண்டுகிடக்கிற சுண்டு விரலுக்கு அப்படி ஆதரவில்லை. ஆக நீட்சி வேகத்தைக் கொடுத்துவிட்டு அந்த அலைகிற காந்தாரத்தை எடுத்துக்கொண்டுபோகிறது. ஹாலிவுட்டில் 1977இல் கிதாருக்கென்றே ஒரு பயிலகம் தொடங்கியது, அடுத்த வருடம் வான் ஹேலனின் முதல் ஆல்பம் வந்தது. அதன்பின் எண்பதுகளில் பரவிய வேகவழிபாட்டில் இந்தக் கைமாற்றம் கவனிக்கப்படாமலே நடந்தது என்று நினைக்கிறேன். துப்பாக்கியை எந்தெந்த விரல் எந்தெந்த வரிசையில் தொடவேண்டும் என்று படைப்பயிற்சி வகுத்ததைப் பற்றி ஃபூக்கோ எழுதியது இங்கே ஞாபகம் வருகிறது. ஆனால் ஒழுங்கு என்றாலே அதிகாரம் என்று முடித்துவிடவும் மனமில்லை. வான் ஹேலனே வாசிப்பில் எத்தனை குறும்பு செய்தவர்!

கற்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெட்டியின் முதல் தந்தி எட்டாம் ஃப்ரெட்டில் உள்ள காந்தாரத்தை முதலில் வாயால் பாடுங்கள். பிறகு அரைச்சுரத்திலும் பாதி மட்டும் தந்தியை வளைத்து, குரலும் தந்தியும் ஒட்டுகிறதா என்று கேளுங்கள். அது கைவந்தபின் அந்தாதிக்குப் போகலாம். அங்கேயும் பதினெட்டையும் ஓட்டாமல், இரண்டே தந்தியை எடுத்துக்கொண்டு, ஒரே ம-வை இரண்டு குரலிலும் மாற்றி மாற்றி நாலைந்து தரம் அடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே மூச்சுவிட இடம் விடுங்கள். அதை எந்தப் படமும் குறித்துவைப்பதில்லை.